கரண்ட் போனா... போனும் போச்சு! 'நெட் போன்' ஆகிப்போன வீட்டு லேண்ட்லைன். கோளாறு வந்தால் எங்கே பார்க்கணும்?

பட்டுக்கோட்டை:

தஞ்சை மாவட்டத்தில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, அதிராம்பட்டினம் பகுதிகளில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பது சகஜம். பிள்ளைகள் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்க, வீட்டில் இருப்பது வயதான அம்மாவும் அப்பாவும்தான். அவர்களுக்கு துணை ஹாலில் இருக்கும் போன். அந்த போன் கடந்த சில ஆண்டுகளில் சத்தமில்லாமல் மாறிப்போய்விட்டது. பெட்டி அதே பெட்டி, சில வீடுகளில் நம்பர்கூட அதே 04373 நம்பர்தான். ஆனால் உள்ளே ஓடுவது பழைய டெலிபோன் லைன் கிடையாது. இன்டர்நெட் போன்!

பைபர் இணைப்பு கொடுத்து, மோடத்தின் பின்னால் போன் ஒயரை செருகிவிட்டுப் போயிருந்தால் அந்த வீட்டில் இருப்பது நெட் போன்தான். பி.எஸ்.என்.எல்., ஜியோ, ஏர்டெல் என்று எந்த நிறுவனத்தின் பைபராக இருந்தாலும் இதே கதைதான். இது தெரியாததால் போன் 'டெட்' ஆனால் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பலர் திண்டாடுகிறார்கள். சிலர் நல்லா இருக்கிற போனை தூக்கிப்போட்டு புதுசு வாங்குகிறார்கள். இது குறித்த விவரம் வருமாறு:-

பழைய போனுக்கு கரண்ட் எங்கிருந்து வந்தது?

பழைய செம்புக் கம்பி லைனில் போனுக்கு வேண்டிய மின்சாரம் எக்சேஞ்சில் இருந்தே வந்தது. அங்கே பெரிய பேட்டரிகளை வைத்து 48 வோல்ட் அனுப்பினார்கள். வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் ரிசீவரை எடுத்தால் 'கொய்ங்' என்று டயல் டோன் கேட்டது அதனால்தான்.

பைபரில் வருவது வெறும் வெளிச்சம். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. எனவே வீட்டில் கரண்ட் போனால் மோடம் அணையும், மோடம் அணைந்தால் போனும் அணையும். போன் மேல் எந்த தப்பும் இல்லை.

இது சின்ன விஷயம் அல்ல. 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி அதிகாலை கஜா புயல் கரையை கடந்தபோது இந்த பகுதியில் தென்னை மரங்களோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. செல்போன் டவர்களும் படுத்துவிட்டன. வெளிநாட்டில் இருந்தவர்கள் வீட்டுக்கு என்ன ஆச்சு என்று தெரியாமல் தவித்தது இந்த பக்கம் யாருக்கும் மறக்காது. அப்படிப்பட்ட ஊரில் வீட்டு போனை பைபருக்கு மாற்றும்போது கரண்டுக்கு ஒரு ஏற்பாடு செய்யாமல் விடுவது பெரிய ஆபத்து.

ஏற்பாடு கஷ்டமானது இல்லை. மோடத்துக்கு என்றே 'மினி யு.பி.எஸ்.' விற்கிறார்கள். ரூ.1,000 முதல் 2,000 வரை விலை. வாங்கும்போது மோடத்தின் அடாப்டரை கையில் எடுத்துப் போவது நல்லது. அதில் 12 வோல்ட், 1 ஆம்பியர் அல்லது 1.5 ஆம்பியர் என்று எழுதி இருக்கும். யு.பி.எஸ்.சிலும் வோல்ட் அதேதான் இருக்கவேண்டும், ஆம்பியர் அதற்கு குறையக்கூடாது. 9 வோல்ட் மோடத்தில் 12 வோல்ட்டை செருகினால் மோடம் புகைந்துவிடும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போனதும் போன் சாவதுண்டு. மோடத்தை செருகிய பிளக் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இல்லை, அவ்வளவுதான். பேன், லைட்டுக்கு மட்டும் இன்வெர்ட்டர் லைன் இழுத்திருப்பார்கள். எலக்ட்ரீசியனை கூப்பிட்டு ஒரு பாயிண்ட் மாற்றினால் வேலை முடிந்தது.

இதையும் தாண்டி ஒன்று இருக்கிறது. வீட்டில் மோடம் எரிந்தாலும் பைபர் வந்து சேரும் கண்ட்ரோல் ரூமில் கரண்ட் வேண்டும். கிராமங்களில் பல இடங்களில் கேபிள் டி.வி. ஆபரேட்டர்களே பைபர் இணைப்பும் கொடுக்கிறார்கள். கரண்ட் போனால் அவர்களிடம் பேட்டரியோ ஜெனரேட்டரோ எத்தனை மணி நேரம் தாங்கும் என்று இணைப்பு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளலாம். மாதம் எத்தனை ஜி.பி. என்று கேட்கிற ஜனங்கள் இதை கேட்பதே இல்லை.

பல்பை பாருங்க

போன் டெட் ஆனதும் முதலில் பார்க்க வேண்டியது போனை அல்ல, மோடத்தை. அதில் வரிசையாக பச்சை பல்புகள் இருக்கும். 'எல்.ஓ.எஸ்.' என்று எழுதிய இடத்தில் சிவப்பு எரிந்தாலோ மின்னினாலோ வெளிச்சம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். வெளியே பைபர் அறுந்திருக்கலாம். வைக்கோல் ஏற்றிய லாரி இழுத்துக்கொண்டு போயிருக்கலாம், தென்னை மட்டை விழுந்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம். வீட்டுக்குள்ளேயே அந்த மெல்லிய ஒயர் பீரோவுக்கு பின்னால் மடங்கி நசுங்கி இருக்கலாம். கண்ணாடி இழை என்பதால் செம்புக் கம்பி மாதிரி மடிக்கக் கூடாது. அந்த ஒயரை பிடுங்கி முனையை கண்ணுக்கு நேரே வைத்து பார்ப்பதும் கூடவே கூடாது. அதில் வருவது லேசர், கண்ணுக்கு தெரியாது.

சிவப்பு இல்லை, நெட் நன்றாக வருகிறது, போன் மட்டும் இல்லை என்றால் 'டெல்' அல்லது 'போன்' என்று எழுதிய பல்பை பாருங்கள். மோடம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கம்பெனி சர்வருக்கு 'நான் இங்கே இருக்கேன்' என்று தன் பெயரையும் பாஸ்வேர்டையும் சொல்லி பதிவு செய்யும். அந்த பதிவு நடக்காவிட்டால் இந்த பல்பு எரியாது. மோடத்தை அணைத்து ஒரு நிமிடம் கழித்து போட்டுப் பாருங்கள். அப்படியும் எரியாவிட்டால் கம்பெனிக்கு போன் செய்து, "நெட் இருக்கு, வாய்ஸ் ரிஜிஸ்டர் ஆகலை" என்று இந்த வார்த்தையிலேயே சொல்லலாம். 'போன் வேலை செய்யலை' என்று மட்டும் சொன்னால், ஆள் வந்து பார்க்கட்டும் என்று இரண்டு நாள் போய்விடும். பதிவுக் கோளாறை பெரும்பாலும் அங்கே உட்கார்ந்தபடியே சரி செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. மோடத்தின் பின்னால் ஊசி நுழைகிற மாதிரி ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது 'ரீசெட்'. பக்கத்து வீட்டு காலேஜ் பையன் சொன்னான் என்று அதை குத்திவிட்டால் கம்பெனிக்காரர் போட்டு வைத்த செட்டிங் அழிந்துபோகலாம். அப்புறம் போனும் இருக்காது, நெட்டும் இருக்காது. அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் செய்வது வேறு.

எந்த ஓட்டையில் செருகுவது?

வீட்டை வெள்ளையடிக்கும்போது ஒயரை பிடுங்கிவிட்டு மறுபடி மாட்டும்போது நடக்கிற தவறு இது. நெட் கேபிளுக்கான ஓட்டை பெரியது, 8 கம்பி. போன் ஒயருக்கான ஓட்டை சின்னது. ஆனால் போன் ஒயரின் முனை பெரிய ஓட்டையிலும் போய் உட்காரும்! உட்காரும், டயல் டோன் வராது. 'டெல்' அல்லது 'போன்' என்று எழுதிய சின்ன ஓட்டையில்தான் செருக வேண்டும். இரண்டு போன் ஓட்டை இருந்தால் முதலாவதுதான் பெரும்பாலும் வேலை செய்யும்.

மாடியிலும் கீழேயும் எக்ஸ்டென்ஷன் வைத்த வீடுகளில் இன்னொரு சிக்கல். பழைய செம்பு லைன் வீட்டு ஒயரிங்கில் இன்னும் சேர்ந்தே இருக்கும். அதை கழற்றாமல் மோடத்தின் போன் ஓட்டையை அந்த ஒயரிங்கில் சேர்த்தால் எக்சேஞ்சில் இருந்து வரும் 48 வோல்ட் மோடத்துக்குள் ஏறிவிடும். பெல் அடிக்கும் நேரத்தில் அது இன்னும் அதிக வோல்ட். மோடத்தின் போன் பகுதி போய்விடும். வெளியில் இருந்து வரும் பழைய ஒயரை துண்டித்த பிறகே இணைக்க வேண்டும்.

சுழற்றும் டயல் கொண்ட பழங்கால கருப்பு போனை ஆசையாக வைத்திருப்பவர்களுக்கு ஒரு ஏமாற்றம். பல மோடங்கள் அந்த சுழற்சியை புரிந்துகொள்ளாது. போன் வந்தால் பேசலாம், இங்கிருந்து போட முடியாது. பட்டன் போனிலும் அடியில் 'பி', 'டி' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது 'டி' பக்கம் இருக்க வேண்டும். 'பி'யில் இருந்தால் நம்பரை அழுத்தினாலும் டயல் டோன் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, 2021-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதியில் இருந்து லேண்ட்லைனில் இருந்து செல்போனுக்கு பேச முன்னால் 0 போட வேண்டும். இது பைபர் போனுக்கும் பொருந்தும். 'வர்ற கால் வருது, பிள்ளைக்கு போட்டா மட்டும் போகலை' என்கிற புகாரில் 0 விட்டுப்போனதும் ஒரு காரணம்.

100 எம்.பி. இருந்தும் குரல் உடைவது ஏன்?

நெட் போனில் குரல் அப்படியே போவதில்லை. பேசுவதை 20 மில்லி செகண்டுக்கு ஒரு துண்டாக வெட்டி, ஒரு செகண்டுக்கு 50 துண்டுகளாக அனுப்புகிறது. அந்தப் பக்கம் வரிசையாக அடுக்கி காதில் விழ வைக்கிறது. கல்யாண பத்திரிகை தபாலில் வருவது மாதிரி, கல்யாணம் முடிந்து வந்தால் பிரயோஜனம் இல்லை. தாமதமாக வரும் துண்டை தூக்கிப்போட்டுவிடும். அதுதான் 'ஹலோ... லோ... க்குதா?' என்று கேட்பது.

ஒரு காலுக்கு வேண்டியது போக வர தலா 100 கே.பி. அளவு வேகம்தான். 100 எம்.பி. பிளானில் இது ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே குரல் உடைகிறது என்று பெரிய பிளானுக்கு மாறச் சொன்னால் மாற வேண்டாம், காசுதான் தண்டம். துண்டுகள் ஒழுங்கான இடைவெளியில் வருகிறதா என்பதுதான் விஷயம்.

இதில் இரண்டு வகையை பிரித்துப் பார்க்க வேண்டும். மோடத்தில் நேரடியாக செருகிய போனுக்கு கம்பெனிகள் பெரும்பாலும் தனிப்பாதை ஒதுக்குகின்றன. வீட்டில் நாலு பேர் சினிமா பார்த்தாலும் அது பாதிக்காது. அதில் 'கொர்ர்' என்று இரைந்தால் நெட்டை திட்டாதீர்கள். துருப்பிடித்த ஒயர் ஜாயிண்ட், மட்டமான அடாப்டர், மோடத்துக்கு ஒட்டியே வைத்த கார்டுலெஸ் போன், இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒயரிங்கை விட்டுவிட்டு மோடத்திலேயே ஒரு போனை செருகிப் பேசிப்பார்த்தால் தெரிந்துவிடும்.

செல்போனில் ஆப் மூலம் பேசுவதற்கு அந்த தனிப்பாதை கிடையாது. எல்லாரோடும் சேர்ந்து ஒரே வழியில் போக வேண்டும். அதில் குரல் உடைந்தால் பத்தில் எட்டு தடவை வை-பை தான் காரணம். இரண்டு சுவர் தாண்டி, பூஜை ரூமுக்குள் உட்கார்ந்து பேசினால் உடையத்தான் செய்யும். மோடம் இருக்கும் ஹாலில் வந்து பேசிப்பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் நெட்டில் குறை இல்லை. யாராவது வீடியோ அப்லோடு செய்துகொண்டு இருந்தாலும் இதே நிலைதான்.

மணி அடிக்கும், குரல் வராது

இதுதான் விசித்திரமான கோளாறு. கடைகள், லாட்ஜுகள், ஆஸ்பத்திரிகளில் தனியாக நெட் போன் பெட்டி வாங்கி வைக்கிறார்கள் அல்லவா, அங்கே அடிக்கடி வரும். மணி அடிக்கிறது, எடுத்தால் நாம் பேசுவது அவர்களுக்கு கேட்கிறது, அவர்கள் பேசுவது நமக்கு கேட்கவில்லை. அல்லது இதற்கு நேர்மாறாக நடக்கும். போனை மாற்றினாலும் மாறாது.

நெட் போனில் மணி அடிக்க வைக்கும் தகவல் ஒரு வழியில் போகிறது. வழக்கமாக 5060 என்ற கதவு. குரல் வேறு கதவு வழியாக போகிறது. முதல் கதவு திறந்து இரண்டாவது அடைத்திருந்தால் மணி அடிக்கும், குரல் வராது. லாட்ஜை நினைத்துப் பாருங்கள். தெருவில் இருந்து பார்த்தால் லாட்ஜுக்கு ஒரே விலாசம்தான். உள்ளே 12-ம் நம்பர் ரூமில் இருப்பவர் கடிதம் போடும்போது 'ரூம் 12' என்று மட்டும் எழுதினால் பதில் எப்படி வரும்? ரவுட்டருக்கு பின்னால் இருக்கும் நெட் போன் செய்வது அதுதான். உள் விலாசத்தை வெளியே சொல்லிவிடுகிறது. அந்தப் பக்கத்து குரல் அந்த விலாசத்தை தேடி காணாமல் போகிறது.

இதை சரி செய்கிறேன் என்று பல ரவுட்டர்களில் 'சிப் ஏ.எல்.ஜி.' என்று ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். அது லாட்ஜ் ரிசப்ஷனில் உட்கார்ந்து எல்லா கடிதத்தையும் பிரித்து விலாசத்தை திருத்தும் ஆள் மாதிரி. பாதி நேரம் தப்பாக திருத்துவார். எனவே குரல் ஒருபக்கம் மட்டும் கேட்டால் ரவுட்டர் செட்டிங்கில் இதை 'ஆப்' செய்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்வது முதல் வைத்தியம். நெட் போன் பெட்டியின் செட்டிங்கில் 'ஸ்டன்' என்ற இடத்தில் சேவை கொடுத்தவர் சொல்லும் சர்வர் பெயரை போடுவது இரண்டாவது. பெட்டி தன் வெளி விலாசத்தை தெரிந்துகொள்ள இது உதவும்.

மூன்றாவது, ரவுட்டருக்கு பின்னால் ரவுட்டர். கம்பெனி மோடம் ஒன்று, கடைக்காரர் தானாக வாங்கி மாட்டிய வை-பை பெட்டி ஒன்று என்று இரண்டு ரிசப்ஷன் இருந்தால் குழப்பமும் இரண்டு மடங்கு. இரண்டாவது பெட்டியை 'ஆக்சஸ் பாயிண்ட்' என்ற நிலைக்கு மாற்றிவிட்டால் அது வெறும் வை-பை கொடுக்கும் வேலையை மட்டும் பார்க்கும்.

அம்மா போன் அடிக்கவே இல்லையே?

வெளிநாட்டில் இருந்து பிள்ளை வாட்ஸ்அப்பில் கூப்பிடுகிறார். அவருக்கு 'காலிங்' என்றே காட்டுகிறது, 'ரிங்கிங்' ஆகவில்லை. அம்மா பக்கத்தில்தான் போன் இருக்கிறது, அடிக்கவில்லை. இதற்கு பெரும்பாலும் காரணம் பேட்டரி சேமிப்பு. குறைந்த விலை செல்போன்களில் கொஞ்ச நேரம் தொடாமல் இருந்தால் ஆப்களை தூங்க வைத்துவிடும். செட்டிங்கில் ஆப் பெயரை தேடி, பேட்டரி என்ற இடத்தில் கட்டுப்பாடு வேண்டாம் என்று மாற்றிவிட்டால் சரியாகிவிடும். ஊருக்கு லீவில் வரும்போது பிள்ளைகள் செய்துவிட்டுப் போகவேண்டிய 2 நிமிட வேலை இது. மைக் அனுமதி கொடுத்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

துபாய், அபுதாபி போன்ற அமீரக ஊர்களில் இருந்து பேசுபவர்களுக்கு விஷயம் வேறு. அங்கே வாட்ஸ்அப் குரல் அழைப்பு நீண்ட காலமாக முடக்கப்பட்டு வந்துள்ளது. 'பாட்டிம்' போன்ற அனுமதி பெற்ற ஆப்களில்தான் பேசுகிறார்கள். அழைப்பு சேராவிட்டால் இங்கே மோடத்தை மாற்றி பிரயோஜனம் இல்லை. வி.பி.என். போட்டு சமாளிக்கலாம் என்று ரூமில் இருப்பவர்கள் சொன்னால் உஷார்! விலாசத்தை மறைத்து சட்டத்தை மீறுவதற்கு அங்கே 2021-ம் ஆண்டு சட்டப்படி சிறையும், 5 லட்சம் திர்ஹாமில் தொடங்கும் அபராதமும் உண்டு.

பழைய கம்ப்யூட்டரில் ஸ்கைப் ஐகானை வைத்துக்கொண்டு 'ஏன் திறக்கலை' என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 2003-ல் வந்த ஸ்கைப் 2025-ம் ஆண்டு மே 5-ந் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. அதை ரிப்பேர் செய்ய முடியாது.

கடைக்காரர்களே... 100-க்கு 100 வேண்டாம்!

கடை, ஆஸ்பத்திரியில் எக்ஸ்டென்ஷன் வைத்து நெட் போன் மாட்டும்போது பெட்டிக்கு கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள். 100 என்ற எக்ஸ்டென்ஷனுக்கு 100 என்றே பாஸ்வேர்டு வேறு! உலகம் பூராவும் 5060 கதவு எங்கே திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்ப்பதற்கென்றே கும்பல்கள் உண்டு. உள்ளே புகுந்தால் கட்டணம் அதிகமான வெளிநாட்டு நம்பர்களுக்கு ராத்திரி முழுக்க கால் போடுவார்கள். கடை சாத்தியிருக்கும் சனி, ஞாயிறுதான் அவர்களுக்கு வசதி. பில் மட்டும் கடைக்காரருக்கு வரும். பாஸ்வேர்டை நீளமாக மாற்றுங்கள். வெளிநாட்டு கால் தேவையில்லை என்றால் ஐ.எஸ்.டி.யை கம்பெனியிலேயே பூட்டச் சொல்லிவிடுங்கள்.

இதைவிட பெரிய வில்லங்கம் 'சிம் பாக்ஸ்'. நெட் போன் பேசுவது குற்றம் இல்லை. 2002-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் இந்தியாவில் அதற்கு அனுமதி வந்தது. அப்போது பிரவுசிங் சென்டரில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சவுதிக்கு பேசியவர்கள் ஏராளம். 2018-ல் உரிமம் பெற்ற நிறுவனங்கள் நெட் வழியாக எந்த போன் நம்பருக்கும் இணைப்பு கொடுக்கவும் வழி பிறந்தது. குற்றம் எது என்றால், வெளிநாட்டில் இருந்து நெட்டில் வரும் காலை உரிமம் இல்லாமல் உள்ளூர் சிம்முக்கு மாற்றி விடுவது. அதற்கான பெட்டிதான் சிம் பாக்ஸ். டஜன் கணக்கில் சிம் கார்டு செருகியிருப்பார்கள்.

'மாடி ரூமை வாடகைக்கு கொடுங்க, நெட் கனெக்ஷன் உங்க பேர்லயே இருக்கட்டும், ஒரு பெட்டி மட்டும் ஓடிட்டு இருக்கும், மாசம் நல்ல பணம் தர்றோம்' என்று யாராவது வந்தால் யோசிக்கவே வேண்டாம். 2023-ல் நிறைவேறிய தொலைத்தொடர்பு சட்டப்படி உரிமம் இல்லாமல் இந்த சேவையை நடத்தினால் 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.2 கோடி வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். நெட் இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர் வீட்டு கதவைத்தான் போலீஸ் முதலில் தட்டும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை கூப்பிடும்போது +91 என்று தொடங்கும் யாரோ ஒருவரின் உள்ளூர் செல் நம்பர் திரையில் வந்தால் அந்த கால் இப்படி குறுக்கு வழியில் வந்திருக்க வாய்ப்பு உண்டு. மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் இதை புகார் செய்ய தனி இடம் இருக்கிறது. பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும்.

வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் பைபர் போன் இருந்தாலும், வாட்ஸ்அப் இருந்தாலும், சார்ஜ் போட்ட ஒரு பட்டன் செல்போன் தனியாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் இருந்து 108-க்கு கால் போகாது.